மாவு ஒட்டாத டைமர்

வாதி கபீரில் வெள்ளிக்கிழமை மூன்று மணி.
ஷட்டரை முழங்கால் உயரத்துக்கு இறக்கிவிட்டு
ஏசி ரிப்பேர் கடைக்குள் குனிந்து நுழைவோம்.
ஊருக்கெல்லாம் குளிரைத் திருத்தித் தரும் கடையில்
எங்களுக்கு வாய்த்தது ஒரு மேசை விசிறி.
கழற்றிப் போட்ட கம்ப்ரஸர்கள்மேல் அட்டை விரித்து
ஆறு பேர்.

முதல் மூன்று மாதம் சந்தைக்கடை.
துளசிமணி பாதி சொல்லி முடிப்பதற்குள்
நாலு திசையிலிருந்தும் அறிவுரை.
'நானா இருந்தா' என்று தொடங்கியவர்களில்
ஒருவர்கூட ஒரு நாளும் அவளாக இருந்ததில்லை.
யாரோ யாரிடமோ நாற்பது ரியால் கைமாற்று வாங்க
அடுத்த வாரம் இரண்டு பேரைக் காணோம்.

பிறகுதான் சட்டம்.
பழைய இன்வாய்ஸ் புத்தகத்தில்
கார்பன் வைத்து எழுதினேன்:
ஆளுக்குப் பன்னிரண்டு நிமிடம்.
முதல் ஆறில் கேள்வி மட்டும். 'ஐயோ பாவம்' கூடாது.
பணம் கைமாறக் கூடாது.
கேட்டது ஷட்டரைத் தாண்டக் கூடாது.
போன வாரம் ஒப்புக்கொண்டதைச் செய்தாயா,
அதை முதலில் சொல்.
செய்யவில்லையென்றால் 'செய்யல' போதும்.
காரணம் வேண்டாம்.

டைமர் என்னுடையது.
பேக்கரியில் குபூஸுக்கு வைப்பது, தக்காளி உருவம்,
திருகிவிட்டால் பல் கடிப்பதுபோல் நகரும்.

காசிலிங்கம் நான்கு முறை ட்ரம் டெஸ்டில் தோற்றவர்.
ரிவர்ஸ் என்றாலே கழுத்து வேர்க்கும்.
அன்று கம்ப்ரஸர்களையே ட்ரம்களாக நிறுத்தி
சாமான் தள்ளும் டிராலியைப் பின்பக்கமாக ஓட்ட வைத்தோம்.
சேவியர்தாசன்தான் போலீஸ்.
சிரித்துச் சிரித்து ஒரு கண்டென்ஸர் நசுங்கியது.
ஐந்தாவது முறை பாஸ்.

சாவிக்காரர் மைதீன்பிச்சை
தன் முறை வந்தால் 'விடுங்க' என்பார்.
விடவில்லை, விரட்டவும் இல்லை.
அவருடைய பன்னிரண்டு நிமிடத்தை
நான்கு வெள்ளிக்கிழமைகள்
சும்மா உட்கார்ந்து அவருக்கே கொடுத்தோம்.
ஐந்தாவதில் பேசினார்.
என்ன பேசினார் என்பது
ஷட்டருக்கு உள்ளே இருக்கிறது.

நான் பேசியதே இல்லை.
நேரம் பார்ப்பவனுக்கு எங்கே நேரம் என்பேன்,
எல்லோரும் நம்பினார்கள்.

நூர்நிஷா மருந்துக்கடையில் கணக்கெழுதுபவள்.
அவள் கண்ணுக்கு ஒரு பைசா தப்பாது.
'இந்தத் தக்காளியோட பள்ளத்துல
எப்பவும் மாவு இருக்கும்ல?' என்றாள்.
'ரெண்டு மாசமா சுத்தமா இருக்கே.'

விசிறி இந்தப் பக்கம் திரும்பி
அந்தப் பக்கம் போனது.
காசிலிங்கம் என் கையிலிருந்து டைமரை வாங்கித் திருகினார்.
'இண்டைக்கு உங்கட முறை.'

பேக்கரி மூடி அறுபத்து மூன்று நாள்.
வீட்டுக்குத் தெரியாது.
காலையில் குளித்து உடுத்தி
கார்னிஷில் போய் உட்கார்ந்துவிட்டு வருகிறேன்.
இவ்வளவுதான். ஒன்றரை நிமிடத்தில் தீர்ந்துவிட்டது.

யாரும் ஐயோ என்று சொல்லவில்லை.
பாழாய்ப்போன சட்டம், நானே எழுதியது.
ஒரு ஐயோவுக்கு அன்று எவ்வளவு ஏங்கினேன் தெரியுமா?

'ரிலீஸ் லெட்டர் கையில இருக்கா?'
'இருக்கு.'
'கடைசிச் சம்பளம்?'
'பாதி.'
'பழைய கஸ்டமர் யார் நம்பராவது?'
'ரெண்டு ஹோட்டல். ஒரு ஸ்கூல் கேன்டீன்.'
துளசிமணி மட்டும் தயங்கித் தயங்கி:
'இப்ப எத்தன மணிக்கு முழிப்பு வருது?'

மூணு மணிக்கு.
இன்னமும் மாவு பிசையும் நேரத்துக்கு
கை தானாக எழுந்துகொள்கிறது.

தொண்டை அடைத்ததில் முப்பது வினாடி போயிற்று.
அதையும் கணக்கில்தான் வைத்தார்கள்.
டைமர் அடித்தபோது துளசிமணி
இன்வாய்ஸ் புத்தகத்தில் சாய்ந்த எழுத்தில்
முடித்துக்கொண்டிருந்தாள்:
மூன்று இடத்துக்கும் நேரில் போவது.
வீட்டுக்குச் சொல்வது.
மஞ்சள் நகலைக் கிழித்து
என் சட்டைப்பையில் செருகினாள்.

அடுத்த வெள்ளி.
'ஹோட்டல் ரெண்டும், போனேன்.
கேன்டீன், போனேன்.
வீட்டுக்கு
செய்யல.'

சரி என்று தலையாட்டிவிட்டு
மைதீன்பிச்சை தேநீர் ஊற்றினார்.
அடுத்து சேவியர்தாசன் முறை.
டைமரைத் திருகினேன்.